குழந்தைத் திருமணத்தை நிறுத்தியதும் சமூகப் பணியாளரின் வேலை முடிந்துவிடுகிறதா?

முடிவதில்லை, என் பார்வையில், கடினமான பகுதி அதன் பிறகுதான் தொடங்குகிறது. தமிழகக் கிராமங்களில், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு வரும் ஓர் அழைப்பின்பேரில், குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலராகவும் செயல்படும் மாவட்டச் சமூகநல அலுவலர் தலையிட்டுத் திருமணத்தை நிறுத்தலாம். 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி நீதித்துறை நடுவர் தடையாணை பிறப்பித்தால், அதை மீறி நடக்கும் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. ஆனால், பதினெட்டு வயது முடியும்வரை மணம் முடிக்க மாட்டோம் என்று எழுதிக்கொடுத்த பெற்றோரே, சில வாரங்களில் வேறு ஊர்க் கோயிலில் தாலி கட்டவைப்பதும் உண்டு.

ஆகவே, அந்தப் பெண் பள்ளியை விட்டு நின்றது ஏன் என்பதைப் பணியாளர் அறிந்தாக வேண்டும். மேல்நிலைப் பள்ளிக்குப் பேருந்து இல்லாதிருக்கலாம். கரும்பு வெட்டவோ செங்கல் சூளைக்கோ மாதக்கணக்கில் வெளியூர் செல்லும் பெற்றோர், வயதுக்கு வந்த மகளைத் தனியே விட அஞ்சியிருக்கலாம் (ஊர்ப்பேச்சைப் பற்றிய பயம் சொல்லாமலே விளங்கும்). அத்தகைய வீட்டில் அறிவுரை எடுபடாது. கஸ்தூரிபா காந்தி உண்டு உறைவிடப் பள்ளியிலோ அரசு விடுதியிலோ இடம் பெற்றுத் தருவதே உதவும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்புவரை படித்து உயர்கல்வியில் சேரும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டத்தைத் தாயிடம் விளக்குவதும் பயன் தரும்.