ஐசியூவில் கிட்னி: ரிப்போர்ட்டுக்கு முன்னால் யூரின் பையைப் பாருங்கள்

தீவிர சிகிச்சையில் இருப்பவருக்குக் கிட்னி செயலிழக்கப் போகிறதா என்று முன்கூட்டியே தெரியுமா? இதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, ஐசியூவில் வேலை பார்ப்பவனாக என் பதில்கள்.

அப்பா செப்சிஸோடு (தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) ஐசியூவில் இருக்கிறார். கிரியேட்டினின் (தசையிலிருந்து வந்து கிட்னி வெளியேற்றும் கழிவு) 1.1, நார்மல் என்று ரிப்போர்ட். ஆனாலும் டாக்டர் கிட்னிக்கு உத்தரவாதம் தர மறுக்கிறார், ஏன் சார்?

அவர் செய்வது சரிதான். கிட்னி திடீரென்று வடிகட்டுவதை நிறுத்தினாலும் கிரியேட்டினின் ரத்தத்தில் சேர்ந்து ஏற ஒன்றிரண்டு நாள் பிடிக்கும், அதற்குள் லிட்டர் கணக்கில் சலைன் ஏற்றி ரத்தம் நீர்த்திருக்கும், படுத்த படுக்கையில் தசையும் கரையும், ஆக எண் மட்டும் நல்லபடியாகவே இருக்கும். பழைய ரிப்போர்ட் வீட்டில் இருந்தால் தேடி எடுத்துக் கொடுங்கள். போன வாரம் வரை 0.7 இருந்தவருக்கு 1.1 என்றால் ஒன்றரை மடங்குக்கு மேல். கிட்னி சிகிச்சைக்கு வழிகாட்டுதல் எழுதும் சர்வதேச அமைப்பான கேடிகோ 2012-ல் தந்த வரையறைப்படி அதுவே பாதிப்புதான்.

நான் நர்ஸ். யூரினை மணிக்கு மணி அளக்க வேண்டுமா? ஷிஃப்ட் முடிவில் மொத்தமாக எழுதினால் போதாதா?

போதாதும்மா. 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லிக்குக் கீழே 6 மணி நேரம் போனால் பாதிப்பு என்று கணக்கு. எட்டு மணி நேரத்துக்கு 240 என்று ஒரே எண்ணாக எழுதினால், அது முழுக்க முதல் இரண்டு மணியிலேயே வந்துவிட்டு அப்புறம் நின்றுபோனது சார்ட்டில் தெரியவே தெரியாது. குறைந்தால் முதலில் டியூப் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

லாசிக்ஸ் (யூரினை அதிகமாக்கும் மருந்து) போட்டுப் பார்க்கும் டெஸ்ட் நம்பகமானதா?

2013-ல் சாவ்லா குழு வெளியிட்டது. ஏற்கெனவே பாதிப்பு தொடங்கியவருக்குக் கிலோவுக்கு 1 மில்லிகிராம், முன்பே அந்த மருந்து வாங்கியவர் என்றால் 1.5. இரண்டு மணி நேரத்தில் 200 மில்லி கூட வரவில்லை என்றால் நிலைமை முற்றும் வாய்ப்பு அதிகம். எனக்குப் பிடித்த டெஸ்ட், செலவும் இல்லை. உடம்பில் நீர் வற்றிக் கிடப்பவருக்கு மட்டும் கூடாது.

ஏஐ 48 மணி நேரம் முன்பே சொல்லிவிடுமாமே?

அதைச் செய்தது கூகுள் குழுமத்தின் டீப்மைண்ட், 2019. அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் 7 லட்சம் பேருக்கு மேல் எடுத்த தரவு. பாதிப்புகளில் 55.8 சதவீதத்தை முன்பே பிடித்தது, ஆனால் ஒரு சரியான எச்சரிக்கைக்கு இரண்டு தவறானவை. தரவில் பெண்கள் சுமார் 6 சதவீதம்தான்! நம்மூர் ஐசியூவில் அப்படியே கொண்டுவந்து வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

தெரிந்தவுடன் டயாலிசிஸ் ஆரம்பித்துவிடலாமே?

2020-ல் ஸ்டார்ட்-ஏகேஐ ஆய்வில் சுமார் 3,000 பேரிடம் பார்த்தார்கள். சீக்கிரம் தொடங்கியதால் 90 நாளில் உயிரிழப்பு குறையவில்லை. பிழைத்தவர்களில் டயாலிசிஸை விட முடியாமல் இருந்தவர்களும் சீக்கிரம் தொடங்கிய பக்கம்தான் அதிகம். பொட்டாசியம் எகிறினாலோ நுரையீரலில் நீர் கோத்தாலோ காத்திருக்கக் கூடாது, அது வேறு. மற்றபடி முன்பே தெரிவதன் பலன் பிரஷரைத் தாங்கிப் பிடிப்பது, கிட்னியைப் பாதிக்கக்கூடிய வலி மருந்து டைக்ளோஃபெனாக்கை நிறுத்துவது, அதேபோன்ற ஆன்டிபயாடிக் அமிகாசின் தேவையா என்று மறுபடி யோசிப்பது. வீட்டில் என்னென்ன வலி மாத்திரை, நாட்டு மருந்து சாப்பிட்டார் என்பதை மறைக்காமல் டியூட்டி டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.