வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் மகன் (தம்பி என்றே சொல்கிறேன்) பி.காம். முடித்துவிட்டான். வங்கித் தேர்வுப் பயிற்சியில் சேர்த்துவிட்டீர்கள்; கொஞ்ச நாள் போனதோடு சரி. இப்போது மரச்செக்கு வைத்துத் தேங்காய் எண்ணெய்த் தொழில் தொடங்க வேண்டும், செக்கு, மோட்டார், ஷெட், முதல் சரக்கு எல்லாம் சேர்த்து 8 லட்சம் ஆகும், காங்கேயம் வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்துத் தாருங்கள் என்கிறான். அவன் அப்பா பேச்சையே நிறுத்திவிட்டார். "ஜெயிச்சவங்க எல்லாரும் இப்படித்தான் துணிஞ்சு இறங்கினாங்கன்னு வீடியோ வீடியோவாக் காட்டறான், அது நிஜமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

துணிந்தார்கள் என்பது நிஜம். ஆனால் இறங்குவதற்கு முன் அவர்கள் என்ன கற்றிருந்தார்கள், தோற்றால் எவ்வளவு போகும் என்பதை எப்படி அளந்து வைத்திருந்தார்கள் என்பது அந்த வீடியோக்களில் பெரும்பாலும் வருவதில்லை. தம்பி படிக்க வேண்டியது அந்தப் பகுதியைத்தான். அவனையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

தைரோகேர் என்ற ரத்தப் பரிசோதனைக் கம்பெனியின் வேலுமணியை அவன் கண்டிப்பாகப் பார்த்திருப்பான். கோவைப் பக்கத்துக் கிராமத்தில் நிலமில்லாத விவசாயக் குடும்பம், அம்மா எருமை வளர்த்துப் பால் விற்று வீட்டை நடத்தினார். பிள்ளை பெரிய கம்பெனி கட்டி, 2021ல் அதன் 66 சதவீதப் பங்கை 4,546 கோடி ரூபாய்க்கு விற்றார். "அரசு வேலையை உதறினார்" என்ற வரியைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். உதறுவதற்கு முன் அவர் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் 14 ஆண்டு வேலை பார்த்தார். வேலையில் இருந்துகொண்டே தைராய்டு உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கினார். தைராய்டு பரிசோதனைக்கு உண்மையில் என்ன செலவாகிறது, எந்த இடத்தில் காசு வீணாகிறது என்பது அத்துப்படியான பிறகுதான், 1990களின் நடுவில், பி.எஃப். பணத்தை வைத்து பைகுல்லாவில் சின்ன இடத்தில் ஆரம்பித்தார். பல ஊர்களிலிருந்து ரத்த மாதிரிகளை மும்பைக்கு வரவழைத்து, ஒரே பெரிய ஆய்வகத்தில் ராத்திரியோடு ராத்திரியாகச் சோதிக்கும் முறையை உண்டாக்கினார். விலை உயர்ந்த இயந்திரம் சும்மா நிற்காமல் ஓடியதால் குறைந்த கட்டணம் கட்டுப்படியானது. வெளியிலிருந்து வீடியோ பார்ப்பவருக்கு இந்த யோசனை வந்திருக்காது. உள்ளே பல வருடம் கிடந்தவருக்குத்தான் வரும்.

அவர் முதலில் வேலை பார்த்தது கோவையில் ஒரு சிறிய மருந்துக் கம்பெனியில். அதை மூடிவிட்டார்கள். ஒரு தொழில் எப்படி நின்றுபோகிறது என்பதையும் இளவயதிலேயே பார்த்தவர் அவர்.

இப்போது உங்கள் மகனிடம் நான் கேட்க நினைப்பது இதைத்தான். கொப்பரையைக் கையில் உடைத்துப் பார்த்து ஈரம் எவ்வளவு என்று சொல்ல வருமா? பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் கந்தகப் புகை போட்ட கொப்பரையையும் வெறும் வெயிலில் காய்ந்த கொப்பரையையும் பிரித்துச் சொல்வானா? 100 கிலோ நல்ல கொப்பரைக்கு 60 கிலோவை ஒட்டி எண்ணெய் இறங்கும். ஈரம் இருந்தால் அது எவ்வளவு குறையும், புண்ணாக்கு என்ன விலைக்குப் போகும்? உங்கள் ஊரைச் சுற்றி, காங்கேயம், வெள்ளக்கோயில் வரைக்கும் கொப்பரைக் களங்களும் எண்ணெய் ஆலைகளும்தான். வேறு ஊர்ப் பையன் காசு கொடுத்துக் கற்றுக்கொள்ள வேண்டியதை இவன் சைக்கிளில் போய்க் கற்றுக்கொள்ளலாம். ஒரு களத்திலோ ஆலையிலோ சில மாதம் சம்பளத்துக்கு வேலை செய்யட்டும். பி.காம். படித்தவன் மூட்டை எடை போடுவதா என்று நீங்கள் வருத்தப்பட வேண்டாம். ஏலத்துக்கு வரும் வியாபாரிகள், லாரிக்காரர்கள், தரகர்கள் அறிமுகமாவது அந்த எடைமேடைப் பக்கத்தில்தான்.

அடுத்து, கெவின்கேர் கம்பெனியைத் தொடங்கிய ரங்கநாதன். கடலூர்க்காரர். அப்பா சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் யோசனையை முன்பே கொண்டுவந்தவர். அண்ணன்மாரோடு ஒத்துப்போகாமல் குடும்பத் தொழிலை விட்டு வெளியே வந்த ரங்கநாதன், 1983ல் 15,000 ரூபாயில் சிக் ஷாம்பு தொடங்கினார். வெளியே வந்தாரே தவிர, அவருக்குத் தெரியாத பொருள் ஒன்றுக்குப் போகவில்லை. ஷாம்புவையும் பாக்கெட்டையும் கடைக்காரரையும் வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவர்.

அவர் கதையில் உங்களுக்கு நேரடியாக உதவும் செய்தி ஒன்று உண்டு. கடன் கேட்டுப் போனபோது ஈடாக வைக்க அவரிடம் சொத்து எதுவும் இல்லை. பல இடத்தில் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு வங்கி மேலாளர் கொடுத்தார். சிறு தொழில் நடத்திக்கொண்டே ஒழுங்காக வருமான வரி கட்டியிருக்கிறாரே என்பதைத்தான் அவர் பார்த்தார் என்று ரங்கநாதனே பேட்டியில் சொல்லியிருக்கிறார். கணக்கும் ரசீதும் சுத்தமாக இருந்தது பத்திரத்தின் வேலையைச் செய்தது.

வாங்குபவரைக் கவனித்ததிலும் அவரிடம் கற்க நிறைய இருக்கிறது. ஷாம்பு பழக்கமே இல்லாத கிராமங்களுக்கு ஆட்களை அனுப்பி, பிள்ளைகளின் தலையில் தேய்த்துக் குளிப்பாட்டிக் காட்டினார். எந்தக் கம்பெனியின் காலிப் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தாலும் ஒரு சிக் இலவசம் என்றார். பழக்கம் ஏற்பட்ட பிறகு, சிக் காலிப் பாக்கெட்டுக்கு மட்டும்தான் என்று மாற்றினார். அடுத்தது என்ன செய்வது என்பதை ஒவ்வொரு முறையும் கடையில் நடந்ததைப் பார்த்தே முடிவு செய்தார்.

ஹட்சன் பால், ஐஸ்கிரீம் கம்பெனியின் சந்திரமோகனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திருத்தங்கல்காரர். மரக்கடையில் 65 ரூபாய் சம்பளத்துக்கு வேலை பார்த்துவிட்டு, 1970ல், 21 வயதில், சொத்து விற்று வந்த 13,000 ரூபாயில் ராயபுரத்தில் குச்சி ஐஸ் போட ஆரம்பித்தார். தள்ளுவண்டியில் விற்பனை. சென்னையில் பெரிய ஐஸ்கிரீம் கம்பெனிகளோடு மோதி மாளாது என்று தெரிந்ததும், 1980களில் அவர்கள் கண்டுகொள்ளாத சிறிய ஊர்களுக்கு அருண் ஐஸ்கிரீமைக் கொண்டுபோனார். தம்பி கோவையிலும் பெங்களூருவிலும் ஆன்லைனில் விற்கப் போகிறேன் என்கிறானாமே. அங்கே ஏற்கெனவே நூறு மரச்செக்கு பிராண்டுகள் விளம்பரத்துக்குக் காசு கொட்டிக்கொண்டிருக்கின்றன. பாட்டில் கசிந்தால், கூரியர் தாமதமானால் முதல் ஆறு மாத லாபம் அதிலேயே போய்விடும். தாராபுரம், மூலனூர் மாதிரி ஊர்களில் எத்தனை வீடுகளில் இன்னும் தரமான எண்ணெய்க்கு ஆள் தேடுகிறார்கள் என்று முதலில் போய்ப் பார்க்கட்டும்.

மூவரும் ஆரம்பித்த தொகையைக் கவனித்தீர்களா? எல்லாமே போனால் போகட்டும், மறுபடி எழுந்துகொள்ளலாம் என்ற அளவுப் பணம். சந்திரமோகன் சொத்து விற்றுத்தான் தொடங்கினார், ஆனால் விற்றதோடு அது முடிந்தது; வட்டி ஓடவில்லை. சரஸ் சரஸ்வதி என்ற பேராசிரியர் 1990களில் அமெரிக்காவில் அனுபவம் மிக்க 27 தொழிலதிபர்களைச் சந்தித்து, ஒரே கற்பனைத் தொழிலைக் கொடுத்து, இதை எப்படித் தொடங்குவீர்கள் என்று வாய்விட்டு யோசிக்கச் சொல்லி ஆராய்ந்தார். எவ்வளவு லாபம் வரும் என்ற கணக்கில் அவர்கள் தொடங்கவில்லை. என்னால் எவ்வளவு இழக்க முடியும் என்றுதான் பார்த்தார்கள். கையில் இருப்பதை வைத்துக்கொண்டு, தெரிந்த முதல் ஆளிடம் விற்றுப் பார்க்கவே பெரும்பாலும் விரும்பினார்கள். உங்கள் வீட்டில் இப்போது நடக்கும் சண்டை தொழில் வேண்டுமா, வேலை வேண்டுமா என்பது. அதை விட்டுவிட்டு, எவ்வளவு போனால் நம் குடும்பம் தாங்கும் என்று மூன்று பேரும் உட்கார்ந்து ஒரு தொகையைப் பேசுங்கள். வீடு அந்தத் தொகைக்குள் வராது, வரவும் கூடாது.

25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். செக்கு வாங்க வேண்டாம். கொப்பரை வாங்கி, ஏற்கெனவே செக்கு வைத்திருப்பவரிடம் கூலிக்கு ஆட்டி வாங்கட்டும். விற்பனை என்று வந்துவிட்டால் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு அவசியம். ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம், சிறு அளவுக்குச் செலவு மிகக் குறைவு. பாட்டிலில் அடைத்து முப்பது வீட்டில் விற்கட்டும். முதல் தடவை சொந்தக்காரர்கள் முகத்துக்காக வாங்குவார்கள். இரண்டாம் தடவை யார் தானாகக் கேட்டு வாங்குகிறார்கள் என்பதை நோட்டில் எழுதட்டும். நான் அந்த நோட்டைத்தான் பார்ப்பேன்.

கொப்பரை விலையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தொழிலில் ஆளைச் சாய்ப்பது அதுதான். 2025ல் அரவைக் கொப்பரைக்கு (எண்ணெய் ஆட்டும் கொப்பரைக்கு) மத்திய அரசு வைத்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய், அதாவது கிலோவுக்குச் சுமார் 116 ரூபாய். அதே வருடம் சந்தையில் கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. அப்படி ஏறும்போது எண்ணெய் விலையை ஏற்றினால் வாடிக்கையாளர் போய்விடுவார்; ஏற்றாவிட்டால் கைக்காசு போகும். உச்ச விலையில் சரக்கு வாங்கி அடுக்கிவிட்டு, அப்புறம் விலை இறங்கினால் அது இன்னொரு அடி. பெருந்துறை, வெள்ளக்கோயில் ஏலங்களுக்குப் போய் ஒரு சீசன் முழுக்க விலையைக் குறித்து வைக்காமல் யாரும் இதில் பெரிய பணம் போடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. கூடவே, உங்கள் பக்கத்தில் செக்கு வைத்து மூடியவர்கள் இரண்டு மூன்று பேரையாவது தேடிப் போய்ப் பேசச் சொல்லுங்கள். ஜெயித்தவர் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

எல்லாம் சரியாக வந்து, செக்கு வாங்கும் கட்டம் வந்தால்? அப்போதும் பத்திரம் வேண்டாம், அம்மா. சிறு, குறுந்தொழில்களுக்கான 8 லட்சம் போன்ற சிறிய கடனுக்கு வங்கி சொத்து ஈடு கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கிளையில் போய்க் கடன் கேட்டால் ஈடு கேட்கத்தான் செய்வார்கள். விதியைப் பணிவாக எடுத்துச் சொல்ல வேண்டும், மாவட்டத் தொழில் மையத்தின் வழியாகப் போனால் இன்னும் எளிது. மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி., தமிழக அரசின் யு.ஒய்.இ.ஜி.பி. என்ற சுயதொழில் கடன் திட்டங்கள் இரண்டிலும் மானியம் உண்டு. தகுதியையும் இப்போதைய வரம்புகளையும் திருப்பூர் தொழில் மையத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பி.எம்.இ.ஜி.பி. மானியம் கைக்கு வராது. மூன்று வருடம் வங்கியிலேயே வைப்பாக இருந்து, பிறகு கடனில் கழியும். அதனால் மானியத்தை நம்பித் தொழில் தொடங்குகிறவர்களை நான் எப்போதும் தடுப்பேன். தொழில் நடந்தால்தான் மானியம் உதவும்.

வங்கித் தேர்வை விட வேண்டாம். காலையில் இரண்டு மணி நேரம் படித்துவிட்டு ஆலைக்குப் போகிற பையன்களை எனக்குத் தெரியும். வயது வரம்புக்கு இன்னும் பல வருடம் இருக்கிறது, அவசரம் ஒன்றும் இல்லை.

கடைசியாக அவன் அப்பா. அரிசி ஆலையில் இருபது வருடமாகக் கணக்கு எழுதுகிறார் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். மளிகைக் கடைகளுக்குச் சரக்குப் போட்டால் பணம் அடுத்த சரக்கு இறங்கும்போதுதான் வரும், சில இடத்தில் அப்போதும் வராது. குறுந்தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் தெருக்கோடிக் கடைக்காரரிடம் சட்டம் பேசினால் அடுத்த ஆர்டர் நின்றுவிடும். யாருக்கு எவ்வளவு கடன் விடலாம், எந்த நாளில் போய்க் கேட்டால் பணம் கிடைக்கும், எந்தக் கடையை ஆரம்பத்திலேயே தவிர்க்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. தம்பி தொழில் வேண்டுமா வேண்டாமா என்று அவரிடம் கேட்க வேண்டாம். முதல் மாதக் கணக்கை எழுதி எடுத்துக்கொண்டு போய், "அப்பா, இதுல எங்க தப்பு இருக்கு, பாத்துச் சொல்லுங்க" என்று கேட்கட்டும்.