கேட்டதும் சொன்னதும்: கித்துல்கலைக்கு வந்த ஹொலிவூட் நடிகர்

கேள்வி: கொழும்பு பஸ் கித்துல்கலையைத் தாண்டும்போது, "இங்கேதான் வெள்ளைக்காரன் படத்துக்குப் பாலம் கட்டி உடைச்சான்" என்று பெரியவர்கள் காட்டுவார்கள். அதில் நடித்த வில்லியம் ஹோல்டனுக்கு அந்தப் படத்துக்காகவா ஒஸ்கார் கிடைத்தது? (ஹட்டன் வாசகர்)

பதில்: இல்லை. 1957 இல் வெளியான அந்த 'க்வாய் நதிப் பாலம்' 7 ஒஸ்கார்களை அள்ளியது. ஆனால் சிறந்த நடிகர் விருது, பாலம் கட்டும் பிரிட்டிஷ் கேர்னலாக வந்த அலெக் கின்னஸுக்குத்தான் போனது. ஹோல்டன் தன்னுடையதை 1953 இல் வந்த 'ஸ்டாலாக் 17' படத்திலேயே வாங்கிவிட்டார்.

இரண்டிலும் அவர் போர்க்கைதி, இரண்டிலும் தன் காரியத்தில் கண்ணாயிருக்கும் ஆள். நம்ம ஊர்ப் படத்தின் ஆரம்பத்தையே பாருங்கள்: முகாமில் பிணக்குழி வெட்டிக்கொண்டிருப்பவர், செத்தவனுடைய சிகரெட் லைட்டரை எடுத்து ஜப்பானிய அதிகாரிக்குக் கொடுத்து நோயாளிப் பட்டியலில் சேர்ந்துவிடுவார், முகத்தில் வெட்கமோ வருத்தமோ கிடையாது. அழகான ஒரு கதாநாயகன் இப்படி நடித்தும் நமக்கு அவர்மேல் கோபம் வராது பாருங்கள், அதுதான் ஹோல்டன்.

நிஜத்திலும் காசு விஷயத்தில் ஆள் கெட்டிக்காரர். வசூலில் 10 சதவீதப் பங்கு என்று ஒப்பந்தம் போட்டு, வரி கூடிவிடாமல் ஆண்டுக்கு 50,000 டொலராகப் பிரித்துத் தரச் சொன்னார். படம் சக்கைப்போடு போட்டதால் அந்தத் தவணை வருஷக்கணக்கில் நீண்டது!

கேள்வி: எடுத்த எடுப்பிலேயே பெரிய நடிகராகிவிட்டாரா? கடைசிக்காலம் எப்படி? (தலவாக்கலை வாசகி)

பதில்: முதல் பெரிய வாய்ப்பான 'கோல்டன் பாய்' (1939) படத்திலேயே, இவர் சரிவரமாட்டார் என்று நீக்கப் பார்த்தார்கள். கூட நடித்த பார்பரா ஸ்டான்விக் விடவில்லை, தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். அந்த நன்றியை ஹோல்டன் சாகும்வரை மறக்கவில்லை. அப்புறம் இராணுவச் சேவை, சுமாரான படங்கள் என்று பத்து வருஷம் ஓடியது. திருப்பம் 1950 இல் வந்த 'சன்செட் புலவார்ட்'.

பிற்காலத்தில் கென்யாவில் காட்டு விலங்குகளைக் காப்பதில் மனம் போனது. குடி மட்டும் விடவில்லை. 1981 நவம்பரில் வீட்டில் தனியாகக் குடித்திருந்தபோது தடுக்கி விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார், சில நாள் கழித்துத்தான் ஆட்களுக்கே தெரிந்தது. வயது 63.

கேள்வி: அவர் படங்களில் முதலில் எதைப் பார்க்கலாம்? (பண்டாரவளை வாசகர்)

பதில்: 'சன்செட் புலவார்ட்'. நீச்சல் குளத்தில் பிணமாக மிதந்தபடியே கதை சொல்லத் தொடங்குவார், அப்புறம் எழுந்து போக உங்களுக்கு மனம் வராது.