நெடுந்தீவில் நடை – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

யாழ்ப்பாணத் தீவகம் பற்றி நீங்கள் எழுதுபவற்றைத் தொடர்ந்து வாசிக்கிறேன். போன மாசியில் நண்பர்கள் ஐந்து பேர் நெடுந்தீவுக்குப் போனோம். எல்லோரையும் போல ஓட்டோ பிடித்து, பெருக்கு மரம், புறாக்கூடு, ஒல்லாந்தர் கோட்டை என்று படமெடுத்துக்கொண்டு திரும்பாமல் நாள் முழுக்க நடந்தே பார்த்தோம். ஹோட்டன் சமவெளியிலும் நடந்திருக்கிறேன், ஆனால் இது வேறு அனுபவம். ஆளே இல்லாத காட்டுத் தீவு. வெட்டை வெளி, காட்டுக் குதிரைகள், சுற்றிவரக் கடல். பாதை ஒன்றும் குறிக்கப்படாததால் ஆளில்லாத வளவுகளின் கல்வேலிகளை ஏறிக் கடந்து நேரே நடந்தோம். ஓரிரு இடத்தில் கல் சரிந்தது, மற்றபடி ஒரு பிரச்சினையும் இல்லை. அம்புக்குறி போட்டு முறையான நடைபாதை ஒன்றை அங்கே ஏன் அமைக்கக் கூடாது? நடப்பதற்கு எந்த மாதம் நல்லது? எப்படிப்பட்ட சப்பாத்து வேண்டும்?

ம., கொக்குவில்

*

அன்புள்ள தம்பி,

மாதத்தைச் சொல்லிவிடுகிறேன். மாரி ஓய்ந்த பிறகு தை, மாசி, பங்குனி. புல் பச்சையாக இருக்கும், குதிரைகளும் வயிறு நிறைய நிற்கும். சோளகக் காற்று பிடித்துவிட்டால் குறிகட்டுவானில் இருந்து போகிற அந்த ஒரு மணித்தியாலப் படகுப் பயணமே உங்களைச் சோர்த்துவிடும். சப்பாத்து, அடி தடித்தது எதுவானாலும் சரி. தண்ணீரை ஆளுக்கு மூன்று லீற்றர் இங்கிருந்தே கொண்டுபோங்கள்.

உங்கள் கடிதத்தில் ‘ஓரிரு இடத்தில் கல் சரிந்தது’ என்ற வரிக்கு அப்பால் என்னால் உடனே போக முடியவில்லை. பங்குனியில் பெரியம்மாவின் திவசத்துக்கு அங்கே போயிருந்தேன். அவ வளவின் தெற்கு வேலியில் இரண்டு முழ அகலத்துக்கு ஒரு பொட்டு, கல் சரிந்த இடைவெளி. யாரோ கருக்குமட்டையை இழுத்துப் போட்டு அடைத்திருந்தார்கள். கீழே கற்கள் சிதறிக் கிடந்தன. விழுந்த கல்லின் அடிப்பக்கம் வெள்ளையாக இருந்தது, வேலியில் நின்ற கல்லெல்லாம் வெயிலில் கறுத்திருந்தது. அன்றைக்கு மாடோ குதிரையோ தள்ளியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அதைத் தள்ளியது நீங்கள்தான் என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து அந்தப் பொட்டு கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

எனக்கு அப்போது பத்து வயது. பள்ளி விடுமுறைக்குப் பெரியம்மா வீட்டில் நின்றேன். குதிரைக்குட்டி ஒன்று வேலிக்கு அப்பால் தாயோடு நின்றதைக் கண்டு, படலையைச் சுற்றிப் போகப் பொறுமையில்லாமல் வேலியில் ஏறினேன். ஏழெட்டுக் கல்லோடு சேர்ந்து மறுபக்கம் விழுந்தேன். யாருக்கும் சொல்லவில்லை. அன்றிரவு அந்தப் பொட்டுக்குள்ளால் குதிரைகள் வந்து கத்தரிக் கன்றுகளை மிதித்துத் தின்றுவிட்டன. ஒவ்வொரு கன்றுக்கும் பெரியம்மா குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றியிருந்தா.

அடிப்பா என்று பார்த்தேன், அடிக்கவில்லை. விடிய என்னை வேலியடிக்குக் கூட்டிப்போய், ‘வா பிள்ளை, அடைப்பம்’ என்றா. அவ்வளவுதான். இரண்டு நாள் அடைத்தோம். சாந்து இல்லை, சீமெந்து இல்லை, கல்லின் பாரந்தான் கல்லைப் பிடிக்க வேண்டும். பெரிய கல் அடியில். இரண்டு வரிசைக்கு நடுவே சின்னக் கல்லைத் திணிக்க வேண்டும். பவளப்பாறைக் கல்லான முருகைக்கல்லின் உடம்பெல்லாம் துளை, ஒன்றுக்கும் ஒழுங்கான பக்கம் கிடையாது. பெரியம்மா ஒரு கல்லை எடுத்து அப்படியும் இப்படியும் திருப்பி வைப்பா, பிறகு உள்ளங்கையை மேலே வைத்து மெல்ல ஆட்டுவா. ஆடினால் எடுத்து வேறு பக்கமாகத் திருப்புவா. ஆடாமல் இருந்தால் ‘ம்’ என்பா. அந்த ‘ம்’ வருவதற்கு நான் வைத்த முதற் கல்லுக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. மூன்றாவது கல் என் பெருவிரலில் விழுந்தது. அந்த நகம் இன்றைக்கும் நடுவில் வெடித்துத்தான் வளர்கிறது.

நீங்கள் ஒரு விநாடியில் சரித்துவிட்டுப் போனது இதைத்தான். ‘பிரச்சினை இல்லை’ என்று எழுதுகிறீர்கள். யாருக்குப் பிரச்சினை இல்லை, தம்பி?

‘ஆளில்லாத வளவு’ என்கிறீர்கள். அங்கே ஆள் ஏன் இல்லை என்று யோசித்தீர்களா? நீங்கள் படகில் போன அந்தக் கடலில்தான் 1985 மே 15ஆம் திகதி குமுதினிப் படகில் போன சனத்தை வெட்டிக் கொன்றார்கள். அதற்குப் பிறகும் எத்தனை இடப்பெயர்வு. யாழ்ப்பாணத்துக்கு, வன்னிக்கு, இந்தியாவுக்கு, கனடாவுக்கு என்று போனார்கள். போன இடத்தில் பலரிடம் காணி உறுதி தொலைந்துபோனது. உறுதியில் என்ன எழுதியிருக்கும்? வடக்கே இன்னார் காணி, கிழக்கே ஒழுங்கை என்று எழுதியிருக்கும். அந்த இன்னாரும் இப்போது ஊரில் இல்லை. முப்பது வருடம் கழித்து ஒரு மகள் வந்து நின்று, ‘அப்பாவின் வளவு எது?’ என்று கேட்டால் அவளுக்குக் காட்டுவதற்கு என்ன இருக்கிறது? கிடுகுவேலி இரண்டு மாரியில் உக்கிப்போகும். வீட்டுக்கூரை விழும். கிணறு தூர்ந்துபோகும். கல்வேலி நிற்கும். பெரியம்மாவின் மகன் பிரான்ஸில் இருந்து வந்தபோது பற்றைக்குள்ளால் வேலியைத் தடவிக்கொண்டே நடந்து போய்த்தான் தன் வளவின் நாலு மூலையையும் கண்டுபிடித்தான். நான் கூடவே போனேன். மேற்கு மூலைக்கு வந்ததும் அந்த இடத்திலேயே குந்திவிட்டான்.

ஆகவே அதை ஏறிக் கடக்கிற தடை என்று நினைக்காதீர்கள். வீட்டுக்காரர் இல்லாத வீட்டில் கதவு திறந்திருந்தால் குறுக்கால் நடந்து போவீர்களா? கொக்குவிலில் உங்கள் வீட்டு மதிலை ஐந்து பேர் ஏறிக் குதித்தால் உங்கள் அம்மா என்ன சொல்லுவா? நெடுந்தீவென்றால் மட்டும் ஏன் உங்களுக்குக் காடாகத் தெரிகிறது? சுமார் 50 சதுர கிலோமீற்றர் தீவு அது, சில ஆயிரம் சனம் இருக்கிறார்கள். மத்தியான வெயிலில் ஒருவரும் வெளியே நிற்க மாட்டார்கள், அதைப் பார்த்துவிட்டு ஆளே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

குதிரையும் காட்டுக் குதிரை இல்லை. பறங்கியர், ஒல்லாந்தர் காலத்தில் கொண்டுவந்து வளர்த்த குதிரைகளின் வழி அவை. கட்டி வளர்த்தவர்கள் போய்விட்டார்கள், அவை கட்டாக்காலியாக நின்றுவிட்டன. கோடையில் தாகத்தில் செத்தும் போகின்றன.

அம்புக்குறி பற்றிக் கேட்டீர்கள். ஹோட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட இடம். ‘உலக முடிவு’ என்கிற மலைவிளிம்பு வரை போய்ச் சுற்றிவருகிற அந்த 9 கிலோமீற்றர்ப் பாதையில் ஒருவருடைய அடுப்படியும் கிடையாது. அங்கே அம்புக்குறி போடலாம். நெடுந்தீவில் பாதை ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு கல்வேலிக்கு நடுவே போகிறதே அந்த ஒழுங்கை, அதுதான் பாதை. அது வளைந்து வளைந்து போவதால் உங்களுக்குப் பொறுமை போயிருக்கும். ஆனால் எந்த ஒழுங்கையும் சும்மா வளையவில்லை. ஒன்றில் கோயிலுக்குப் போகும், ஒன்றில் கடலுக்குப் போகும், அல்லது தண்ணீருக்குப் போகும். சுண்ணக்கல் தீவில் மழைத் தண்ணீர் நிலத்துக்குள் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு படையாகத்தான் நிற்கும். கூட இறைத்தால் சவராகிவிடும். எல்லா வளவிலும் கிணறு வெட்டலாம், எல்லாக் கிணற்றிலும் குடிக்க முடியாது. அதனால்தான் சாராப்பிட்டிக் கிணறுகளுக்கு அவ்வளவு மதிப்பு. பெரியம்மா இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடமாக ஒழுங்கையால் வருவா. வெறுங்குடத்தோடு போகும்போது என்னோடு கதைப்பா, நிறைகுடத்தோடு வரும்போது ஒரு சொல் கதைக்க மாட்டா. ஆளுக்கு மூன்று லீற்றர் கொண்டுபோகச் சொன்னது இதற்காகத்தான். அங்கே எந்த வீட்டிலும் தண்ணீர் கேட்டால் இல்லையென்று சொல்ல மாட்டார்கள், அதனாலேயே கேட்காதீர்கள்.

உங்களில் எனக்குக் கோபம் மட்டும் இல்லை. ஓட்டோவில் ஓடி ஓடிப் படமெடுக்காமல் நாள் முழுக்க நடந்தீர்கள் என்று வாசித்தபோது மனம் நிறைந்தது. கல் சரிந்ததை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். பத்து வயதில் நான் மறைத்தேன். நீங்கள் நடக்கவேண்டும், திரும்பவும் போகவேண்டும். மேற்குப் பக்கம் வெடியரசன் கோட்டை இடிபாடு வரை நடந்தீர்களா? எழுதவில்லையே. போகாவிட்டால் அடுத்த முறை அங்கே போங்கள், ஒழுங்கையால் போங்கள். வழி தெரியாவிட்டால் படலையில் நின்று கூப்பிட்டுக் கேளுங்கள். ஐந்து வீட்டில் கேட்டால் ஐந்து பேரும் தேத்தண்ணி தருவார்கள், நேரம் போகும், அதையும் கணக்கில் வையுங்கள்.

போகும்போது தடித்த கையுறை இரண்டு சோடி வாங்கிப் போங்கள், முருகைக்கல் கையைக் கிழிக்கும். நீங்கள் சரித்த கல் எங்கும் போயிருக்காது, அந்த வேலியடியிலேயே கிடக்கும். காலைப் படகில் போய் மாவிலித்துறையில் இறங்கினால், ஐந்து பேருமாக வெயில் ஏறுவதற்கு முன் இரண்டு முழம் அடைத்துவிடலாம். வைத்த ஒவ்வொரு கல்லையும் உள்ளங்கையால் ஆட்டிப் பாருங்கள்.

அன்புடன்,
அக்கா