ஊற்று நீர் ஓடையில் கயாக் (துடுப்பு போடும் சிறு படகு) ஓட்டி வனவிலங்குகளைப் பார்த்த அனுபவம் உண்டா? மற்ற ஆறுகளிலிருந்து என்ன வித்தியாசம்?

உண்டு. அமெரிக்காவில் புளோரிடா மாநிலம், ஒக்காலா ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் சில்வர் ஆற்றில். ஒரு ஜனவரி மாதம் நானும் என் மைத்துனரும் போனோம்.

பெயர்தான் ஆறு, மொத்த நீளமே சுமார் 8 கிலோமீட்டர்தான். சுண்ணாம்புப் பாறைக்கு அடியிலிருந்து ஊற்றாகப் பொங்கி, கொஞ்ச தூரம் ஓடி, ஒக்லவாஹா ஆற்றில் கலந்துவிடுகிறது. வருடம் முழுக்கத் தண்ணீர் 22 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். அன்று காலை வெளியே விரல் விறைக்கிற குளிர். கையை ஆற்றில் விட்டால், மார்கழி மாதத்துக் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுவென்று இருக்குமே, அதேதான்.

வித்தியாசம் என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான்: மற்ற ஆறுகளில் கரையைப் பார்ப்போம், இங்கே தண்ணீர் அவ்வளவு தெளிவு, படகுக்குக் கீழே பார்க்கலாம். வேடந்தாங்கலில் பாம்புத்தாராவைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீருக்கு மேலே கழுத்து மட்டும் பாம்பு மாதிரி தெரியும், முங்கினால் போச்சு. அதன் அமெரிக்க உறவுக்காரப் பறவை ஒன்று என் கயாக்குக்கு நேர் கீழே, இறக்கையைப் பாதி விரித்துக்கொண்டு நீர்ப்பாசிக்குள் மீனைத் தேடிப் போனதை முழுசாகப் பார்த்தேன். கழுத்தை மடக்கி வைத்திருந்தது. சட்டென்று ஒரு குத்து. மேலே வந்தபோது அலகு மீனுக்குள் செருகியிருந்தது. உதறி, தூக்கிப் போட்டு, தலைப்பக்கமாக விழுங்கிவிட்டுக் கிளையில் ஏறி இறக்கையைக் காயவைத்தது. துடுப்பை மடியில் வைத்துவிட்டு நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மனாட்டியும் வந்தது. நம் பாக் நீரிணை ஆவுளியாவின், அதாவது கடல்பசுவின் சொந்தம். 20 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த நீரை அது தாங்காது. குளிர்காலத்தில் ஊற்றைத் தேடி வருவது அதனால்தான். முதலில் பாறை என்றே நினைத்தேன். பாறை மெதுவாக எழும்பி ‘புஸ்’ என்று மூச்சு விட்டது! முதுகில் வரிவரியாக வெள்ளைத் தழும்புகள், மோட்டார் படகின் விசிறி கிழித்தவை. தொடுவது, துரத்துவது எல்லாம் சட்டப்படி குற்றம். அது போகும்வரை இருவரும் அசையவில்லை.

அப்புறம் குரங்குகள். “இவ்வளவு தூரம் வந்தும் குரங்குதானா மாப்பிள்ளை?” என்றார் மைத்துனர். 1930களில் படகுச் சவாரி நடத்திய ஒருவர், பயணிகளுக்கு வேடிக்கை காட்ட ஆற்றுத் தீவில் செம்முகக் குரங்குகளைக் கொண்டுவந்து விட்டாராம். அவற்றுக்கு நீந்தத் தெரியும் என்பது அவருக்குத் தெரியவில்லை! பல குரங்குகளிடம் மனிதருக்கு ஆபத்தான ஹெர்ப்பீஸ் பி வைரஸ் உண்டு. வாழைப்பழத்தை வெளியே எடுத்த மைத்துனரை நான்தான் அதட்டினேன்.

அலிகேட்டர் முதலைகள்? வெயில் காய்ந்துகொண்டு கிடந்தன. நாங்கள் விலகிப் போனோம், அவ்வளவுதான்.

போகிறவர்களுக்கு ஒன்று. நாங்கள் ஊற்றுப் பக்கம் இறங்கி, நீரோட்டத்தோடு ஜாலியாக மிதந்து போனோம். திரும்பும்போது எதிர்நீச்சல், கடைசி ஒரு கிலோமீட்டரில் தோள் கழன்றுவிடும் போல இருந்தது. கீழே ஒக்லவாஹா பக்கம் ரே வேசைட் பூங்காவிலும் படகு இறக்கலாம். அங்கிருந்து காலையில், கையில் தெம்பு இருக்கும்போதே மேலே ஏறிவிட்டு, மிதந்தபடி திரும்புங்கள்.