பரிமாறுகிறவர் எப்போது சாப்பிடுவது?

கேள்வி: ஐயா, நான் 15 வருடங்களாக ஞாயிறு பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். சபையில் பெண்கள் ஜெபக் குழுவையும் நடத்துகிறேன். ஆனால் இரண்டு வருடங்களாக என் தனி ஜெபம் உதட்டோடு நின்றுவிடுகிறது. வேதத்தைத் திறந்தாலே ‘இதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது’ என்றுதான் மனம் ஓடுகிறது. எனக்கென்று எதுவும் ஒட்டுவதில்லை. ஒரு வருடத்தில் வேதம் முழுவதையும் வாசிக்கும் திட்டமும் லேவியராகமத்தோடு நின்றுவிட்டது. ஆராதனையில் சுற்றிலும் எல்லாரும் கண்ணீரோடு ஜெபிக்கும்போது நான் கல்லாக நிற்கிறேன். பின்மாற்றத்தில், அதாவது விசுவாசத்தை விட்டு விலகும் நிலையில், போய்விட்டேனா? நடிக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது. ஊழியத்தை விட்டுவிடலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத சகோதரி)

பதில்:

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதலில் அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். தேவனைக் காணோமே என்று தவிக்கிற மனம் அவரை விட்டுப் போன மனம் இல்லை. 119-ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். 176 வசனங்கள், ஏறக்குறைய எல்லாமே தேவனுடைய வார்த்தையின் மேல் உள்ள பிரியத்தைப் பாடுகிறவை. அதன் கடைசி வசனம் என்ன சொல்கிறது? “காணாமற்போன ஆட்டைப்போல வழிதப்பிப்போனேன், உமது அடியேனைத் தேடுவீராக.” அவ்வளவு பிரியத்தைப் பாடி முடித்தவர்தான் கடைசியில், என்னைத் தேடி வாரும் என்கிறார். உங்கள் கடிதமும் எனக்கு அப்படித்தான் கேட்டது.

உங்களுக்கு வந்திருப்பது பட்டினி என்று நினைக்கிறேன். 15 வருடம் மற்றவர்களுக்குப் பரிமாறியிருக்கிறீர்கள். நீங்கள் உட்கார்ந்து சாப்பிட்டது எப்போது?

எலியா தீர்க்கதரிசியின் கதையைப் பிள்ளைகளுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருப்பீர்கள். பெரும்பாலும் கர்மேல் மலையில் அக்கினி இறங்கியதோடு பாடம் முடிந்துவிடும். அடுத்த அதிகாரத்தை (1 இராஜாக்கள் 19) இந்த முறை உங்களுக்காக வாசியுங்கள். அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு அந்த மனிதன் சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, “போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்” என்கிறான். தேவன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. உன் விசுவாசம் எங்கே என்று கேட்கவில்லை. அவன் தூங்குகிறான். தூதன் தட்டி எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுக்கிறான். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறான். அதற்கும் தடையில்லை. இரண்டாம் தரம் எழுப்பி, சாப்பிடு, “நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்” என்கிறான் தூதன். 40 நாள் நடந்து தேவனுடைய மலையாகிய ஓரேபுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான், “எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?” என்ற கேள்வியே வருகிறது. தேவன் அவனோடு பேசிய அந்த மெல்லிய சத்தமும் அதற்கு அப்புறம்தான்.

ஆகவே நானும் அந்த வரிசையிலேயே கேட்கிறேன். இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்? கூட்டமும் பாட ஆயத்தமும் இல்லாத நாள் வாரத்தில் ஒன்றாவது உண்டா? ஜெபத்தில் மட்டும்தான் இந்த வறட்சியா, இல்லை எதிலுமே சந்தோஷம் இல்லையா? எதிலுமே இல்லை, தூக்கமும் பசியும் கெட்டுக் கிடக்கிறது, வாழவே பிடிக்கவில்லை என்றால், தயங்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு ஒரு நோய். அதற்கு வைத்தியம் பார்ப்பது விசுவாசக் குறைவு ஆகாது. இதைச் சபைகளில் இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது என் வெகுநாள் ஆதங்கம்.

சரி, இப்போது வேத வாசிப்புக்கு வருவோம். நானும் இந்தப் பள்ளத்தில் விழுந்தவன். சில வருடங்கள் பிரசங்கக் குறிப்பு எடுப்பதற்கு மட்டுமே வேதத்தைத் திறந்தேன். எந்த வசனத்தைப் பார்த்தாலும் அது மூன்று தலைப்புகளாகப் பிரிந்து நிற்கும். எனக்கு என்று ஒரு சொல்கூட மிஞ்சாது. அதிலிருந்து நான் வெளியே வந்த வழி மிகவும் சாதாரணமானது. காலையில் வாசிக்க உட்காரும்போது பேனாவையும் நோட்டையும் எட்டாத இடத்தில் வைத்தேன். பாடத்துக்கு எடுக்கும் பகுதியை அந்த நேரத்தில் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். முதல் சில வாரங்கள் கை பரபரத்தது. நல்ல கருத்து ஒன்று தோன்றினால், எழுதி வைக்காவிட்டால் போய்விடுமே என்று இருந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். நீங்களும் விட்டுவிடுங்கள்.

அந்த ஒரு வருடத் திட்டத்தையும் இப்போதைக்கு மூடி வையுங்கள். வேதத்தில் 1189 அதிகாரங்கள். ஒரு வருடத்தில் முடிக்க நாளுக்கு மூன்று, நான்கு அதிகாரங்கள் ஓட வேண்டும். ஆரோக்கியமாக இருக்கிறவர்களுக்கு அது நல்ல பயிற்சிதான். பட்டினி கிடந்தவருக்கு எடுத்தவுடன் விருந்து வைக்கக் கூடாது. இன்றைய அதிகாரப் பிரிவு வந்ததே 13-ஆம் நூற்றாண்டில்தான், வசன எண்கள் 16-ஆம் நூற்றாண்டில். அதற்கு முன் வாழ்ந்த விசுவாசிகள் யாரும் அதிகாரக் கணக்கு முடித்து வளரவில்லை.

முதலாம் சங்கீதத்தில் இரவும் பகலும் வேதத்தில் “தியானமாயிருக்கிற” மனுஷன் என்று வருகிறதே, அங்கே எபிரெயத்தில் இருக்கிற சொல் ‘ஹாகா’. வாய்க்குள் முணுமுணுப்பதைக் குறிக்கும் சொல் அது. புறா முனகுவதற்கும், இரையைப் பிடித்த சிங்கம் உறுமுவதற்கும் ஏசாயா இதே சொல்லைத்தான் போடுகிறார். சிங்கம் இரையை விட்டு எழுந்து போகாமல் அதன்மேலேயே உறுமிக்கொண்டு கிடக்கும் அல்லவா, அதுபோல ஒரு வசனத்தோடு கிடக்க வேண்டும். சத்தமாக வாசியுங்கள். வேலை செய்யும்போது அதையே திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் கைபேசி வேறு அறையில் இருக்கட்டும்.

ஜெபத்தைப் பற்றி. உதட்டோடு நிற்கிறது என்கிறீர்கள். குழுவில் ஜெபிக்கும் அதே அழகான வாக்கியங்கள் தனியாக இருக்கும்போதும் வருகின்றனவா என்று கவனியுங்கள். வந்தால் அவற்றை நிறுத்துங்கள். உள்ளதைச் சொல்லுங்கள். “ஆண்டவரே, உம்மோடு பேசவே எனக்குப் பிடிக்கவில்லை, ஏன் என்றும் தெரியவில்லை” என்பது நல்ல ஜெபம். சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். 88-ஆம் சங்கீதம் முடிவில் ஒரு நம்பிக்கை வரிகூட இல்லாமல் இருட்டிலேயே முடிகிறது. அதுவும் வேதத்தில் இருக்கிறது, அதுவும் ஜெபம்தான். உள்ளதைச் சொல்லும்போது ஒரு பழைய மனஸ்தாபமோ, மறைத்து வைத்த பாவமோ நினைவுக்கு வந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். ஆனால் காரணம் ஏதாவது இருந்தே ஆக வேண்டும் என்று உங்களைத் தோண்டிக்கொண்டே இருக்காதீர்கள். பல சமயம் காரணம் இருக்காது.

அடுத்தது கண்ணீர். அன்னை தெரசா 1997-இல் மறைந்தார். பத்து ஆண்டுகள் கழித்து அவருடைய தனிப்பட்ட கடிதங்கள் வெளிவந்தபோது உலகமே திகைத்தது. பல பத்தாண்டுகள் தேவனுடைய சமுகத்தை உணரவே முடியாமல் இருட்டில் இருந்ததாக எழுதியிருந்தார். அத்தனை காலமும் அதிகாலையில் எழுந்து ஜெபித்தார், வேலைக்குப் போனார். அதை நடிப்பு என்று சொல்வீர்களா? உணர்வு இல்லாமல் உண்மையாக நிற்பது நடிப்பு ஆகாது. வராத கண்ணீரை வந்ததுபோல் காட்டினால்தான் நடிப்பு, அதை நீங்கள் செய்யவில்லையே. சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் நம் ஆண்டவரே “மூன்றாந்தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி” ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். புதிய வார்த்தைகளைத் தேடவில்லை. இந்த வரி எனக்கு எத்தனையோ இரவுகளில் ஆறுதலாக இருந்திருக்கிறது.

இதையெல்லாம் தனியாகச் சுமக்காதீர்கள். நீங்கள் நடத்தும் குழுவில் இதைச் சொல்ல முடியாது, புரிகிறது. அங்கே எல்லாரும் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் போதிக்க வேண்டிய அவசியமே இல்லாத ஒருவர், வயதில் மூத்த, வாயடக்கம் உள்ள ஒரு சகோதரி, கண்டிப்பாக இருப்பார். உங்கள் கடிதத்தில் எனக்கு எழுதியதையே அவரிடம் சொல்லுங்கள். ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கும்படி யாக்கோபு எழுதினபோது, “சொஸ்தமடையும்படிக்கு”, அதாவது குணமாகும்படிக்கு, என்றுதான் எழுதினார்.

கடைசியாக, ஊழியம். பயத்தில் எதையும் ராஜினாமா செய்யாதீர்கள். ஆனால் இரண்டு பொறுப்பில் ஒன்றை மூன்று மாதத்துக்கு இறக்கி வைக்கச் சொல்வேன். ஜெபக் குழுவை வேறொருவர் நடத்தட்டும், நீங்கள் ஒரு மூலையில் உட்கார்ந்து கேளுங்கள். போதகரிடம் காரணத்தை மறைக்காமல் சொல்லுங்கள். அவராகவே இதைக் கவனித்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. உழைக்கிறவர் தலையிலேயே மேலும் சுமையை ஏற்றிக்கொண்டு போகிறோம், அவர் சாப்பிட்டாரா என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் சார்பில் அவரிடம் பேச வேண்டும் என்றால் எழுதுங்கள், பேசுகிறேன்.

எங்கே தொடங்குவது என்று கேட்பீர்கள். சங்கீதம் 13. ஆறே வசனங்கள். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்று தொடங்கும். ஆறாம் வசனத்தில் பாட்டு வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். முதல் நாளே அங்கே ஓடிவிடாதீர்கள். முதல் வசனத்தில் எத்தனை நாள் வேண்டுமோ அத்தனை நாள் இருங்கள்.