ஏழரை மணிக்கு வீடு எப்படி இருக்கிறது?

கேள்வி: புளியரைக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டுக்கு மாசி மாதம் குடிவந்தோம். வாடகை வீடு. என் கணவருக்குப் புனலூரில் வேலை. காலையில் பஸ் பிடித்துப் போனால் இரவு ஏழரைக்குத்தான் திரும்புவார். மாமியாருக்கு முட்டுவலி. மகள் ஐந்தாம் வகுப்பு. வீடு பெரிதுதான், ஆனால் பட்டப்பகலிலேயே இருட்டு. சுவர் பொரிந்து உதிர்கிறது. கையில் ரூ.15,000 சேர்த்து வைத்திருக்கிறேன். தென்காசியில் என் நாத்தனார் வீட்டில் இருப்பதுபோல சீலிங் போட்டு, ஒரு சோபா வாங்க வேண்டும் என்று ஆசை. "அடுத்தவன் வீட்டுக்கு நாம ஏன் செலவழிக்கணும்?" என்கிறார் கணவர். நான் ஆசைப்படுவது தப்பா அக்கா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

ஆசைப்படுவது தப்பே இல்லை. உங்கள் கடிதத்தில் "ஏழரைக்குத்தான் திரும்புவார்" என்ற வரியை மட்டும் இரண்டு தடவை படித்தேன். நாலு பேரும் ஒன்றாக இருப்பது ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை. ஒரு நாளில் இரண்டே மணி நேரம். அந்த நேரத்தில் எங்கே உட்காருகிறீர்கள், என்ன வெளிச்சத்தில் சாப்பிடுகிறீர்கள், முதுகுக்குச் சாய்மானம் உண்டா, தலையில் சொட்டுகிறதா? பணத்தை எதில் போடுவது என்று குழம்பும்போதெல்லாம் இந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். வீடு முழுவதையும் அழகாக்க ரூ.15,000 போதாது. ஒரு இடத்தை நன்றாக ஆக்க தாராளமாகப் போதும். அந்த இடம் உங்கள் தார்சாவாக, அதாவது வீட்டின் முன்கூடமாக, இருக்கட்டும் என்பது என் யோசனை. பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறவர் முதலில் கால் வைக்கிற இடம் அதுதானே.

கணவர் சொல்வதில் பாதி நியாயம். 2017-ல் வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், கட்டடத்தின் அடிப்படைப் பழுதுபார்ப்பும் சுவருக்கு வெள்ளையடிப்பதும் வீட்டு ஓனர் பொறுப்பு. குழாய்க்கு வாஷர் மாற்றுவது மாதிரியான சின்ன வேலைகள் நம் பொறுப்பு. அதனால் கூரைக்கும் சுவருக்கும் கைக்காசை இறக்குவதற்கு முன் ஓனரைப் போய்ப் பாருங்கள். சண்டைக்குப் போகிற மாதிரி இல்லாமல், "நாங்களே ஆள் வைத்துச் செய்துகொள்கிறோம், செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாமா?" என்று கேளுங்கள். ஒத்துக்கொண்டால் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். இனி மீதிப் பாதி. மூன்று வருடமோ ஐந்து வருடமோ, உங்கள் மகளுக்குப் பிற்காலத்தில் 'சின்ன வயசில் இருந்த வீடு' என்று நினைவில் நிற்கப்போவது இந்த வீடுதான். அந்த வருடங்கள் ஓனருடையவை இல்லையே.

வீடு ஏன் இருட்டு என்று புரிந்துகொண்டால் வழியும் தெரிந்துவிடும். நீங்கள் இருக்கிற செங்கோட்டைப் பக்கம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. பழைய வீடுகளையும் மலைக்கு அந்தப் பக்கத்து மழையை நினைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். கூரை செங்குத்தாக இறங்கும், தாழ்வாரம் ஆள் தலையைத் தொடுகிற மாதிரி கீழே வரும். ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் காற்று சாரலை வாரிக்கொண்டு வரும்போது சுவர் நனையாமல் காப்பது அந்தத் தாழ்ந்த கூரைதான். ஆனால் மழையைத் தடுக்கிற கூரை வெளிச்சத்தையும் தடுத்துவிடுகிறது.

இதற்குப் பழைய ஆட்கள் கண்ட வழி கண்ணாடி ஓடு. நான் வளர்ந்த வீட்டின் பட்டாசாலையில் இரண்டு கண்ணாடி ஓடுகள் இருந்தன. காலை எட்டு மணிக்கு மேல் அதன் வழியாக முறம் அளவுக்கு ஒரு வெளிச்சக் கட்டம் தரையில் விழும். அம்மா அரிசியை முறத்தில் போட்டு, அந்தக் கட்டத்துக்குள் முறத்தை வைத்துக்கொண்டுதான் கல் பொறுக்குவாள். கட்டம் நகர நகர அவளும் நகர்வாள். ஆட்டுரல் பக்கம் அது போய்ச் சேர்ந்தால் உலை வைக்கிற நேரம். கடிகாரம் இருந்தும் அவள் அதைப் பார்த்ததில்லை. அந்த ஒளியில் தூசி மிதப்பதைப் பார்த்துக்கொண்டு நான் எத்தனை லீவு நாளைக் கழித்தேன் என்று கணக்கே இல்லை. ஓடுகளில் இரண்டைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி ஓடு வைத்தால் உங்கள் வீட்டுக்கும் அந்த வெளிச்சம் வந்துவிடும். கிழக்குப் பார்த்த சரிவில் வையுங்கள். மேற்கில் வைத்தால் சித்திரை வைகாசிச் சாயங்காலங்களில் அனல் இறங்கும். கட்டிலுக்கு நேர் மேலே வேண்டாம்.

வாங்கப் போகும்போது ஒரு பழைய ஓட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். மங்களூர் ஓடு என்று பொதுவாகச் சொல்கிறோம். 1865-ல் மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழிய அமைப்புக்காரர்கள் சூளை போட்டுத் தொடங்கியது அது. அதற்குப் பிறகு எத்தனையோ கம்பெனிகள் வந்துவிட்டன. ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் கம்பெனிப் பெயர் அச்சாகியிருக்கும். ஒரு கம்பெனி ஓட்டின் பள்ளம் இன்னொன்றின் மேட்டோடு சரியாகப் பொருந்தாது. பொருந்தாத இடத்தில் சாரல் கட்டாயம் உள்ளே வரும்.

சீலிங்கை மட்டும் தயவுசெய்து மறந்துவிடுங்கள். நாத்தனார் வீடு கான்கிரீட் வீடாகத்தான் இருக்கும். அங்கே அது சரி. ஓட்டுக்கடியில் சீலிங் அடித்தால் எந்த ஓடு நகர்ந்தது, எங்கே ஒழுகுகிறது என்று கண்ணுக்கே தெரியாது. பலகை ஊறிப் பொதபொதவென்று தொங்கும்போதுதான் தெரியவரும். அதற்குள் எலி குடும்பம் நடத்தும், மலையடிவாரம் என்பதால் மரநாயும் வரும். ஓட்டைத் தாங்குகிற கைமரத்தையும் ரீப்பர் சட்டத்தையும் துடைத்து எண்ணெய் பூசிப் பாருங்கள். பழைய மரத்துக்கு இருக்கிற அழகு எந்த சீலிங்குக்கும் வராது.

சுவர் விஷயத்தில் நான் சூடு பட்டவள். கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுச் சுவரும் இப்படித்தான் உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. கடைக்காரர் பேச்சைக் கேட்டு, பொரிந்ததைச் சுரண்டிவிட்டு விலை கூடிய பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தோம். ஆனி வரை கண்ணாடி மாதிரி இருந்தது. ஆடி நடுவில் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. விரலால் தொட்டால் உரிந்து விழும், உள்ளே ஈரமாக உப்புத்தூள். அன்று நான் அழுதேவிட்டேன். பழைய சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், பிறகு மெதுவாக வெளியே விடும். பெயின்ட் அதன் வாயை அடைத்துவிடுகிறது. போக வழி இல்லாத ஈரம் பெயின்டையே தள்ளிவிடுகிறது. சுண்ணாம்பு அப்படி அடைக்காது. மலிவும் கூட.

ஆகவே சுண்ணாம்புதான். பொரிந்த இடத்தைத் தேய்த்துத் தட்டி, நன்றாக உலர விடுங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் நல்லது. நீற்றி ஓர் இரவு ஊறவைத்து, பழைய வேட்டியில் வடிகட்டி, கையில் ஒட்டாமல் இருக்கக் கொஞ்சம் வடிகஞ்சி சேர்த்து, ஒரு சொட்டு நீலம் விட்டால் பளிச்சென்று இருக்கும். ஒரே தடவை கெட்டியாக அடிக்காமல் மூன்று தடவை நீர்க்க அடிக்க வேண்டும். சுண்ணாம்பு நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் ஆபத்து. மகளைப் பக்கத்தில் விடாதீர்கள், நீங்களும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பயமாக இருந்தால் நீற்றிய சுண்ணாம்பாகவே வாங்கிவிடலாம். தரையோடு ஒட்டிய இரண்டடியில் மறுபடியும் பொரியத்தான் செய்யும். அதை வருடத்துக்கு ஒரு தடவை பொங்கலுக்கு முன் தொட்டுவிட்டால் போதும், நம் பாட்டிமார் செய்ததும் அதுதான்.

இப்போது ஏழரை மணிக்கு வருவோம். உங்கள் தார்சாவில் நடுவில் ஒரு டியூப்லைட் எரிகிறது என்று நினைக்கிறேன். மகள் வீட்டுப்பாடம் எழுத அது வேண்டும், இருக்கட்டும். எழுதி முடித்ததும் அணைத்துவிடுங்கள். அதற்குப் பதில் சுவரோரமாக, உட்கார்ந்தால் தோளுக்குக் கொஞ்சம் மேலே இருக்கிற மாதிரி ஒரு விளக்கு. எல்இடி பல்பு வாங்கும்போது அட்டைப்பெட்டியில் கெல்வின் என்று ஓர் எண் போட்டிருக்கும். 6500 என்றால் ஆஸ்பத்திரி வெள்ளை. 2700 அல்லது 3000 என்றால் குத்துவிளக்கின் மஞ்சள் சாயல். கடையில் வார்ம் ஒயிட் என்று கேட்டால் தருவார்கள். ஒன்பது வாட் போதும். பனையோலைக் கடகப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, பல்பு ஓலையில் படாமல் ஒரு சாண் இடைவெளி விட்டுத் தொங்கவிட்டால், பின்னலின் நிழல் புது வெள்ளைச் சுவரில் விழும். எல்லாம் சேர்த்து இரண்டு சினிமா டிக்கெட் காசுக்குள் முடிந்துவிடும். மொத்த மாற்றத்தில் பாதி இந்த ஒரு விளக்கில் வந்துவிடும் என்று நம்பிச் சொல்கிறேன்.

சோபா எனக்குச் சம்மதமில்லை. நுரை மெத்தை உங்கள் ஊர் ஈரத்தில் ஆவணிக்குள் பூஞ்சை பூத்து நாறும், வெயிலில் தூக்கிப் போடவும் முடியாது. பணத்தின் பெரிய பங்கை ஒரு நல்ல மர பெஞ்சுக்குக் கொடுங்கள். பலா மரமோ அயினியோ, பழசாகவே வாங்கலாம். புனலூர்ப் பக்கம் பழைய வீடு பிரிக்கிற இடங்களில் கண் வைக்கும்படி கணவரிடம் சொல்லுங்கள். தேடுகிற வேலையை அவரிடம் கொடுத்துவிட்டால் "அடுத்தவன் வீடு" என்ற பேச்சும் குறையும். பெஞ்சும் விளக்கும் பாயும் வீடு மாறினால் உங்களோடு வந்துவிடுகிறவை, அதையும் சொல்லிப் பாருங்கள். பெஞ்சுக்கு மேல் இலவம்பஞ்சு மெத்தை, முதுகுக்கு இரண்டு தலையணை. வெயில் தலை காட்டுகிற நாளில் முற்றத்தில் போட்டு எடுத்தால் மறுபடி புதுசு.

பெஞ்சின் உயரத்தை மட்டும் மாமியாரை உட்காரவைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். முட்டு வலிக்கிறவருக்குத் தாழ்ந்த இருக்கை தண்டனை. உட்கார்ந்தால் பாதம் தரையில் பதிய வேண்டும், எழுந்திருக்கும்போது கை ஊன்ற ஓரத்தில் பிடி இருக்க வேண்டும். தார்சாவிலிருந்து முற்றத்துக்கு இறங்குகிற படி எவ்வளவு உயரம்? பழைய வீடுகளில் முக்கால் அடி இருக்கும். நடுவில் செங்கல் வைத்து ஓர் அரைப்படி கட்டிக் கொடுங்கள். அவர் நாளைக்குப் பத்துத் தடவை அதில் ஏறி இறங்குகிறவர். மெத்தை உறை என்ன நிறம் என்பதற்கு முன்னால் இது நடக்க வேண்டும்.

தரை சிவப்பு ரெட் ஆக்சைடாக இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். அதன் மேல் ஆசிட் ஊற்றாதீர்கள், நிறம் போனால் திரும்பாது. வெறும் தண்ணீரில் துடைத்து, காய்ந்ததும் துணியில் நாலு சொட்டுத் தேங்காயெண்ணெய் தொட்டு அழுத்தித் தேயுங்கள். தரையில் வழவழவென்று நிற்காத அளவுக்குத் துடைத்து எடுத்துவிட வேண்டும், மாமியார் நடக்கிற இடம். மாதம் ஒரு தடவை செய்தால் ஆறு மாதத்தில் தரையில் விளக்கின் மஞ்சள் தெரியும். வாசலில் ஒரு கயிற்று மிதியடியும், குடையை வைக்க வாயகன்ற மண்பானை ஒன்றும் போதும். ஈரம் அங்கேயே நின்றுவிடும். சாரல் காலத்தில் துணி காயாமல் வீடெல்லாம் மக்கு வாடை அடிக்கும் என்பதை இந்த வருடம்தான் பார்க்கப்போகிறீர்கள். கொடியைத் தார்சாவில் கட்டாமல் அடுக்களைச் சாய்ப்பில் கட்டுங்கள். பீரோவுக்குள் ஒரு சிரட்டையில் அடுப்புக்கரி வையுங்கள்.

இவ்வளவையும் ஒரே மாதத்தில் செய்ய வேண்டியதில்லை. விளக்கை இந்த வாரமே மாற்றிவிடுங்கள், பெஞ்சு கிடைக்கிறபோது கிடைக்கட்டும். கூரைதான் காத்திருக்காது. ஓடு மாற்றுகிற ஆளை வைகாசி முடிவதற்குள் பிடித்துவிடுங்கள். முதல் சாரல் விழுந்துவிட்டால் எல்லா வீட்டிலும் அவரைத்தான் தேடுவார்கள், பாசி பிடித்த ஓட்டின் மேல் ஏறவும் மாட்டார். அவர் ஏறுகிற அன்றைக்கே கூரை உச்சியில் கவிழ்த்திருக்கிற மோட்டு ஓடுகளையும் பார்க்கச் சொல்லுங்கள், குரங்கு அதில்தான் உட்காரும். அதே கம்பெனி ஓடு பத்துப் பன்னிரண்டு கூடுதலாக வாங்கிக் கொல்லையில் அடுக்கி வையுங்கள்.